சைக்கிளைச் சுமந்த ஸ்போர்ட்ஸ் கார்!

மெக்கானிக்கல் படிக்கிற நண்பர்களே, ஒரு கேள்வி. மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்க... ஒர்க்‌ஷாப் லேப்ல வெல்டிங் எக்ஸர்சைஸை நீங்களேதான் பண்ணீங்களா? நான் பண்ணலை. லேப் அண்ணன் வெல்டு அடிச்சுக் கொடுத்தார், நான் ஃபைல் போட்டுத் தேய்ச்சேன். ரெக்கார்டுல பத்துக்கு ஒன்பது! இத்தனைக்கும் எங்கப்பா கோயம்புத்தூர்ல கிரில் பட்டறை வெச்சிருக்கார். "நீ படி கண்ணு, இந்தக் கண்ணெரிச்சல் என்னோட போகட்டும்"னு ஹோல்டரைத் தொடவே விட்டதில்லை.

அந்த ஒன்பது மார்க்குக்கு நான் அரிசோனாவில் கணக்குச் சொல்ல வேண்டி வந்தது.

2016. டெம்பி நகரத்தில் எம்.எஸ். படித்துக்கொண்டிருந்தேன். பகுதி நேர வேலையில் மிச்சம் பிடித்த காசில் ஒரு பழைய மாஸ்டா மியாட்டா வாங்கினேன். 1995 மாடல். ரெண்டே சீட், துணிக்கூரை, ஸ்விட்சைத் தட்டினால் தவளைக் கண் மாதிரி எழும்பும் ஹெட்லைட். கெத்துதான், ஆனால் ஒரு சூட்கேஸ் வைத்தாலே டிக்கி மூச்சு முட்டும். எனக்கும் ரூம்மேட்டுக்கும் சைக்கிள் பைத்தியம். செடோனா மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டணும் என்று ஆசை. தூரம் சுமார் 190 கிலோ மீட்டர். சைக்கிள்களை எங்கே வைப்பது?

கூரை மேலே கேரியர் போட முடியாது, துணி. டிக்கி மேல் பெல்ட் போட்டுக் கட்டுகிற ரேக் இருக்கிறது. ஆனால் பெயின்ட் உரியும், மெல்லிய தகடு நசுங்கும். மிச்சம் இருந்தது ஹிட்ச். அதாவது, காரின் அடிச்சட்டத்தில் போல்ட் போட்டு மாட்டுகிற இரும்புக் குறுக்குச்சட்டம். நடுவில் ஒரு சதுரக்குழாய் வாய். அதில் ரேக்கைச் சொருகி, பின் போட்டு மாட்டிவிடலாம். கடையில் ரெடிமேடாகவே கிடைக்கும். விலையைப் பார்த்ததும்தான் எனக்குத் திடீரென்று, 'நாம இன்ஜினீயராச்சே' என்று ஞாபகம் வந்தது! ஹி... ஹி...

அப்பாவிடம் போனில் சொன்னேன். அங்கே ராத்திரி ஒன்பது என்றால் நம்ம ஊரில் மறுநாள் காலை ஒன்பதரை. பட்டறை திறக்கிற நேரம். "கார்ல பைக் ரேக் மாட்டப் போறேங்கப்பா." அந்தப் பக்கம் அமைதி. "ஏன் கண்ணு, இத்தனூண்டு கார் பின்னால ஹீரோ ஹோண்டாவை எப்படி மாட்டுவ?" இங்கே பைக் என்றால் சைக்கிள் என்று விளக்குவதற்குள் பாதி பேலன்ஸ் காலி.

முதலில் கணக்கு. ரெண்டு சைக்கிளும் ரேக்கும் சேர்ந்து 40 கிலோ. பூ! என்று தோன்றுகிறதா? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்த எடை போல்ட்டில் இருந்து 70 செ.மீ. தள்ளித் தொங்குகிறது. திருப்புவிசை சுமார் 275 நியூட்டன் மீட்டர். பள்ளத்தில் கார் குதித்தால் மூன்று மடங்கு என்று வைத்துக்கொண்டேன். அதைத் தாங்கும் முன் போல்ட்டுக்கும் பின் போல்ட்டுக்கும் நடுவே இடைவெளி வெறும் 10 செ.மீ. வகுத்துப் பாருங்கள்... எண்ணூறு கிலோவைத் தொங்கவிட்டதுக்குச் சமம். என் காரே ஏறக்குறைய ஆயிரம் கிலோதான்! பரீட்சையில் எத்தனையோ தடவை போட்ட நெம்புகோல் கணக்குதான். அன்றைக்குத்தான் பயந்தேன்.

பெட்ரோல் டேங்க் சீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது, பேட்டரி டிக்கிக்குள். அதனால் காரில் வைத்து வெல்டு அடிக்கிற பேச்சுக்கே இடமில்லை. காரைக் கட்டி இழுப்பதற்கு அடியில் ரெண்டு பக்கமும் கொக்கி உண்டு. அது மாட்டியிருக்கும் போல்ட் ஓட்டைகளுக்கு அட்டையில் அளவெடுத்து, கால் இஞ்ச் பிளேட்டில் டிரில் போட்டோம். பக்கத்து வீட்டில் ஒரு ரிட்டயர்ட் பெரியவர். அவர் கராஜில் சின்னதாக ஒரு மிக் வெல்டிங் மெஷின். சாதாரண வீட்டு பிளக்கில் ஓடுவது. எடுத்துக்கோ என்று கொடுத்துவிட்டார். ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து பற்ற வைத்தேன். மேலே கறுப்பு பெயின்ட் அடித்ததும் அசல் கம்பெனி அயிட்டம் மாதிரியே இருந்தது. போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். பாராட்டு வரும் என்று பார்த்தால்,

"பெயின்ட் எதுக்கு இப்பவே அடிச்ச? அதே பிளேட்டுல ரெண்டு துண்டு வெட்டி, ஒரு பக்கம் மட்டும் பத்த வெச்சு, வைஸ்ல கடிக்க விட்டு சுத்தியல்ல அடி. அப்புறம் பேசு."

அடித்தேன். மூணாவது அடியில் பிஸ்கெட் மாதிரி பிட்டுக்கொண்டது. வெல்டு முழுசாக ஒரு துண்டோடு போய்விட்டது. இன்னொரு துண்டின் முகம் அப்படியே பளபளப்பாக, இரும்பு உருகின அடையாளமே இல்லாமல். அந்தச் சின்ன மெஷினின் சூடு கால் இஞ்ச் பிளேட்டுக்குள் இறங்கவே இல்லை. "கண்ணு, நீ மேல கோலம் போட்டிருக்க. உள்ள ஒட்டலை" என்றார் அப்பா.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை பாஸ். நெடுஞ்சாலையில் நம் சைக்கிள் கழன்று விழுந்தால் நமக்கு ஒன்றும் ஆகாது. பின்னால் 120-ல் வருகிறவனுக்கு?

அடித்த பெயின்ட், வைத்த வெல்டு எல்லாவற்றையும் கிரைண்டரில் அறுத்தேன். பெரியவரிடம் 220 வோல்ட்டில் ஓடும் ஒரு பழைய ஆர்க் மெஷினும் தூசி படிந்து கிடந்தது. அடுத்த நாலு ராத்திரி, லேப்டாப் கேமராவில் அப்பா டியூஷன். விளிம்பை 'வி' மாதிரி செதுக்கணும். மேல் கறுப்புத் தோல் போய் வெள்ளை இரும்பு தெரியணும். 10 கேஜ் ராடு, 110 ஆம்பியர். "கண்ணால பார்க்காத, காதுல கேளு. வடைச்சட்டியில எண்ணெய் பொரியற சத்தம் ஒரே சீரா வரணும்." நம்புங்க, எந்தப் பாடப் புத்தகமும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. ஆறாவது சாம்பிள் சுத்தியலுக்கு வளைந்தது, உடையவில்லை. கேமராவில் காட்டினேன். "ம்" என்றார். அவ்வளவுதான். ஆனால் பின்னால் இருந்த பட்டறைப் பையனைக் கூப்பிட்டு, "பாரு, தம்பி அடிச்சது" என்று காட்டியதை நான் கேட்டுவிட்டேன்!

இன்னும் சில்லறை வேலைகள் இருந்தன. சொருகின ரேக் கடகடவென்று ஆடியது. குழாய் பக்கவாட்டில் ஒரு நட்டைப் பற்ற வைத்து, போல்ட்டால் இறுக்கியதும் அடங்கியது. சைக்கிள் நம்பர் பிளேட்டை மறைத்தது. பிளேட்டை ரேக்குக்கு மாற்றி, அதற்கொரு லைட்டும் போட்டோம்.

ஆனால் ஒன்றைக் கோட்டை விட்டோம். கிளம்பி முக்கால் மணி நேரத்தில் பெட்ரோல் போட நிறுத்தினால், ரப்பர் நாத்தம். சைலன்சர் வாய்க்கு நேர் பின்னால் ரூம்மேட் சைக்கிளின் டயர்! சுடு புகை பட்டுப் பட்டு ஒரு பக்கம் கொழகொழவென்று ஆகியிருந்தது. அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கே... சைக்கிளைத் திருப்பி மாட்டி, சக்கரத்தை விலக்கிக் கட்டினோம். அந்த டயருக்கு இன்றுவரை எனக்குக் கடன் பாக்கி.

அங்கிருந்தே அப்பாவுக்கு போன் போட்டேன். "வந்துட்டிருக்கோங்கப்பா, ஹிட்ச் கல்லு மாதிரி இருக்கு!"

"எவ்ளோ தூரம் ஓட்டின?"

"எண்பது கிலோ மீட்டர் இருக்குங்க."

"புது போல்ட் லேசா உக்காரும். திரும்ப டைட் வெச்சியா?"

வைக்கவில்லை. டார்க் ரெஞ்சை எடுத்துக்கொண்டு, போட்டிருந்த புது வெள்ளை டி-ஷர்ட்டோடு காருக்கு அடியில் படுத்தேன். எட்டு போல்ட்டில் ரெண்டு, கால் சுற்று வாங்கியது.