போர் விமானத்துக்கும் இடுப்பு உண்டு! பெங்களூரு ஹெச்.ஏ.எல் அருங்காட்சியகத்தில் ஒரு நாள்

பெங்களூரு போகிறவர்களின் லிஸ்ட்டில் லால்பாக் இருக்கும், கப்பன் பார்க் இருக்கும், கமர்ஷியல் ஸ்ட்ரீட் கட்டாயம் இருக்கும். பழைய ஏர்போர்ட் ரோட்டில், மாரத்தஹள்ளி போகும் வழியில் இருக்கும் ஹெச்.ஏ.எல் விமான அருங்காட்சியகம் அபூர்வமாகத்தான் இருக்கும். 2001-ல் திறக்கப்பட்ட இடம் இது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போனேன். கையில் ஒரு ஷூ டப்பா. அதற்குள் பஞ்சு சுற்றி, 22 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு போர் விமானம்.

ஹெச்.எஃப்-24 மாருத். இந்தியாவில் வடிவமைத்து, இங்கேயே தயாரித்த முதல் ஜெட் போர் விமானம். அதன் மாதிரியைத்தான் பால்சா மரத்தில் செதுக்கியிருந்தேன். பள்ளியில் என்.சி.சி ஏர் விங்கில் பழகிய வேலை. சாம்பல் நிற பிரைமர் வரைக்கும் அடித்தாயிற்று. பெயின்ட் மட்டும் பாக்கி. நிஜத்தை ஒரு முறை நேரில் பார்த்துவிட்டு அடிக்கலாம் என்று கிளம்பினேன்.

துணைக்கு என் பெரியப்பா. 1970-ல் ஹெச்.ஏ.எல்-லில் அப்ரென்டிஸாகச் சேர்ந்து, மாருத் தயாரிப்புப் பிரிவில் ஃபிட்டராக வேலை பார்த்தவர். முருகேஷ்பாளையாவில் வீடு. அருங்காட்சியகம் பக்கத்தில்தான். ஆனால், ரிட்டயர் ஆன பிறகு ஒரு தடவைகூட அவர் அங்கே போனதில்லை.

“ஏன் பெரியப்பா?”

“போய் என்ன பண்றது? ‘இது தோத்துப்போன விமானம்’னு எவனாவது பக்கத்துல நின்னு சொல்லுவான். அதைக் கேக்கணுமா?”

டப்பாவைத் திறந்து காட்டிய பிறகுதான் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார்.

சாலைக்கு ஒரு பைலட்டின் பெயர்

ஆட்டோ, சுரஞ்சன் தாஸ் ரோட்டைத் தாண்டிப் போனது. தினமும் அந்த ரோட்டில் டிராஃபிக்கில் நிற்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ... 1961 ஜூன் 17 அன்று மாருத்தை முதன்முதலாக வானில் ஓட்டிக் காட்டியவர் அவர்தான். 1970 ஜனவரி 10 அன்று, கூடுதல் உந்துவிசைக்காக மாற்றியமைக்கப்பட்ட மாருத்தைச் சோதித்தபோது, இதே பெங்களூரில் விபத்தில் இறந்தார். “நான் வேலைக்குச் சேர்ந்தப்போ ஷெட்ல எல்லாரும் அவரைப் பத்தித்தான் பேசிக்கிட்டு இருந்தாங்க” என்றார் பெரியப்பா.

நிஜம் பெரிது... கை சிறிது

மாதிரி விமானம் செய்கிறவர்களுக்கு முதல் பாடம் கணக்கு. 1:72 என்றால், நிஜத்தில் 72 சென்டிமீட்டர் இங்கே 1 சென்டிமீட்டர். 15.87 மீட்டர் நீள மாருத் 22 சென்டிமீட்டராகும். 9 மீட்டர் இறக்கை அகலம் 12.5 சென்டிமீட்டராகும். தகடுகள் சேரும் இடத்தில் நிஜத்தில் சில மில்லிமீட்டர்தான் இடைவெளி. அதை 72-ஆல் வகுத்தால் தலைமுடியைவிட மெல்லிசாகிவிடும். நிறைய மாதிரிகளில் அந்தக் கோடுகளை வாய்க்கால் மாதிரி வெட்டி வைத்திருப்பார்கள். நிஜ விமானத்தின் முன்னால் நின்று பார்த்தால், நான்கடி தூரத்திலேயே பாதிக் கோடுகள் மறைந்துவிடுகின்றன.

பெரியப்பாவுக்கு குளுக்கோமா. ஓரப்பார்வை போய், நடுப்பார்வை மட்டும்தான். மாருத் முழுசாக அவர் கண்ணுக்குள் அடங்கவில்லை. மூக்கைப் பார்த்தார், அப்புறம் இறக்கை, அப்புறம் வால். “இதைக் குடு” என்று என் மாதிரியைக் கையில் வாங்கிக்கொண்டார். விமானத்தை ஒரு துண்டு பார்ப்பார், அதே இடத்தை மாதிரியில் விரலால் தடவுவார். அப்படியே ஒரு சுற்று சுற்றி வந்தோம்.

இடுப்பில் இருக்கிறது ரகசியம்

விரல் நடுவில் நின்றது. “இடுப்பு சரியா வந்திருக்கு.”

மாருத்தின் உடல் இறக்கை சேரும் இடத்தில் சற்றே ஒடுங்கியிருக்கும். ஒலியின் வேகத்தை நெருங்கும்போது காற்றின் தடையைக் குறைக்க அப்படி வடிவமைப்பார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் ஃபோக்கே-வுல்ஃப் 190 போர் விமானத்தை வடிவமைத்த குர்ட் டேங்க் என்ற பொறியாளர்தான் 1956-ல் இந்தியாவுக்கு வந்து இதை உருவாக்கினார். இன்னொரு விஷயம் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். உலோகத்தில் செய்வதற்கு முன்னால், 1959-ல் இதே அளவில் என்ஜின் இல்லாத மர கிளைடர் ஒன்றைச் செய்து, டகோட்டா விமானத்தால் இழுத்துப் பறக்கவிட்டுச் சோதித்தார்கள். ஆக, மாருத்தின் வாழ்க்கையே ஒரு மர மாதிரியில்தான் தொடங்கியது!

அந்த இடுப்பு வளைவை உப்புத்தாளால் தேய்த்துத்தான் கொண்டு வர வேண்டும். 220-ம் நம்பரில் தொடங்கி, 400, 600 என்று போக வேண்டும். மரத்தின் நுண்துளைகளை அடைக்க, சாண்டிங் சீலரில் முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரைக் கலந்து பூசி, காய்ந்ததும் மறுபடி தேய்க்க வேண்டும். பிரைமர் அடித்ததும் சின்னக் கீறல்கூடக் காட்டிக்கொடுத்துவிடும். பெயின்ட் எதையும் மறைக்காது. கீழே இருப்பதை அப்படியே வெளியில் சொல்லிவிடும்.

நிறத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. வெயிலிலும் மழையிலும் நிற்கும் அருங்காட்சியக விமானங்களுக்கு அவ்வப்போது புதுப் பெயின்ட் அடிப்பது வழக்கம். அதனால் அதை மட்டும் நம்பாமல் பழைய புகைப்படங்களையும் பார்க்க வேண்டும். சின்னப் பொருளில் அதே நிறத்தை அடித்தால் அடர்த்தியாகத் தெரியும். அதனால் பச்சையிலும் சாம்பலிலும் ஒரு சொட்டு வெள்ளை சேர்ப்பார்கள். விமானப்படையின் வட்டச் சின்னத்தில் காவி வெளியே, பச்சை நடுவே.

தோற்றது யார்?

கடைசியாக வால்பக்கம் வந்தோம். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு என்ஜின் வாய்கள். ஒலியைப்போல இரண்டு மடங்கு வேகத்தை மனதில் வைத்து வரையப்பட்ட உடல் இது. அதற்கென நினைத்திருந்த பலமான என்ஜின் பிரிட்டனில் கைவிடப்பட்டது. கடைசியில் ஆர்ஃபியஸ் 703 என்ற சிறிய என்ஜின்கள் இரண்டைத்தான் பொருத்த வேண்டியிருந்தது. அதனால் நினைத்த வேகத்தை மாருத் எட்டவே இல்லை. ஆனாலும் 147 மாருத்கள் தயாராயின. 1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் தரை இலக்குகளைத் தாக்கின. 1990 வரை சேவையில் இருந்தன.

“உடம்பு நாங்க செஞ்சது. அதுல குறை சொல்ல ஒண்ணும் இல்ல. அதுக்கேத்த மூச்சுதான் கிடைக்கல” என்றார் பெரியப்பா. பக்கத்தில் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த கல்லூரிப் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். “அங்கிள், நீங்க இதுல வேலை பார்த்தீங்களா?” என்று ஒருவன் கேட்டான். அடுத்த முக்கால் மணி நேரம் என் மாதிரி, பையன்கள் கையில்தான் இருந்தது. பெரியப்பா ஒவ்வொரு பாகமாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

எனக்கும் ஒரு ஆர்டர் வந்தது: “வால்கிட்ட பளபளன்னு விட்டுடாத தம்பி. புகைக்கரி கொஞ்சம் பூசு. ஓடின வண்டின்னு தெரியணும்.”

நீங்களும் பெங்களூரு போனால், திறந்திருக்கும் நேரத்தை விசாரித்துக்கொண்டு ஒரு எட்டு போய் வாருங்கள். வீட்டில் அந்தக் காலத்து ஹெச்.ஏ.எல் ஆள் யாராவது இருந்தால் கட்டாயம் கூட்டிப்போங்கள். மாருத்தின் முன்னால் நின்று போட்டோ எடுத்த கையோடு நகர்ந்துவிடாமல், இரண்டு நிமிடம் பக்கவாட்டில் நின்று அந்த இடுப்பைப் பாருங்கள்.