வாசலில் கேட்கப்படாத காசு

பூங்காவின் வாசலில் ஒருவரிடம் காசு வாங்காமல் உள்ளே விடுவது அப்படியொன்றும் பெரிய உபகாரமல்ல. நுழைவுச்சீட்டின் விலையை மிச்சம் பிடித்து எவரும் வீடு கட்டியதில்லை. ஆயினும் அமெரிக்கா இந்தச் சிறிய விடயத்துக்காகச் சட்டமே இயற்றியிருக்கிறது. படையில் இருந்து விலகியவர்களுக்கும், போரில் உயிரிழந்தோரின் குடும்பத்தினருக்கும் 2020 நவம்பர் 11 முதல் அங்குள்ள தேசியப் பூங்காக்களில் நுழைவுக் கட்டணம் இல்லை. 2021 டிசம்பரில் கையொப்பமான சட்டம் அதை ஆயுட்காலச் சலுகையாக்கியது. ஓர் அட்டை, அதைக் காட்டினால் 2,000க்கும் மேற்பட்ட இடங்களின் கதவு திறக்கும். மாநிலங்கள் பலவும் தத்தம் பூங்காக்களில் இத்தகைய சலுகை கொடுக்கின்றன. அந்தச் சட்டத்துக்கு அலெக்ஸாண்டர் லொஃப்கிரன் என்பவரின் பெயர் இடப்பட்டுள்ளது. ஆப்கானிஸ்தான் போரில் இருந்து உயிரோடு திரும்பி வந்து, 2021 ஏப்ரலில் 'மரணப் பள்ளத்தாக்கு' என்னும் தேசியப் பூங்காவிலே அகப்பட்டு உயிரிழந்தவர் அவர்.

அப்படை சென்ற நாடுகளின் தாய்மாருக்கு எந்தப் பூங்காவின் கதவு திறக்கும் என்ற கேள்வி உங்கள் மனதில் எழலாம். என் மனதிலும் எழுந்தது. அதைச் சற்று ஒதுக்கிவைத்து, நம் அயலுக்கு வருவோம்.

இந்தியாவில் தேசிய நெடுஞ்சாலைகளின் சுங்கச்சாவடிகளில் பரம்வீர் சக்கரம் முதலான வீர விருதுகள் பெற்றவர் அடையாள அட்டையைக் காட்டினால் கட்டணம் கேட்பதில்லை. 2008ஆம் ஆண்டின் விதிகளில் அது எழுதப்பட்டிருக்கிறது. அந்த விருதைப் பெற்றவர்களில் ஒருவர் உத்தரப் பிரதேசத்தின் தாமுப்பூரில் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்த அப்துல் ஹமீத். 1965 செப்டெம்பர் 10ஆம் திகதி கேம்கரன் களத்தில் ஜீப்பில் பூட்டிய பீரங்கியோடு பாகிஸ்தானின் பெட்டன் தாங்கிகளை எதிர்த்து நின்று மாண்டார். 1966 ஜனவரி 26இல் விருதை வாங்கியது அவருடைய மனைவி ரஸூலன் பீவி. அதன் பிறகு அந்த அம்மையார் 2019 வரை, ஏறத்தாழ 53 ஆண்டுகள் வாழ்ந்தார். விருது ஒரு நாள், விதவைக் கோலம் அரை நூற்றாண்டு. சலுகைகளைப் பற்றிப் பேசும்போது இந்தக் கணக்கை நாம் மறந்துவிடக் கூடாது.

இனி என்னுடைய பாதை. நான் முல்லைத்தீவில் பிறந்து, 1990இல் ஒன்பது வயதில் பெற்றோரோடு வெளியேற்றப்பட்டு, புத்தளத்து முகாமில் வளர்ந்து, அரபுக் கல்லூரியில் ஓதி, இப்போது பிறந்த மாவட்டத்துக்கே மௌலவி ஆசிரியராகத் திரும்பியிருப்பவன். குடும்பம் இன்னும் புத்தளத்தில். ஆகவே அநுராதபுரம், வவுனியா என்று பஸ் மாறி மாறி வந்து, மாங்குளம் சந்தியில் இறங்கி முல்லைத்தீவு பஸ்ஸுக்குக் காத்திருப்பது என் வாழ்க்கையின் ஒரு பகுதியாகிவிட்டது. யாழ்ப்பாணம் போகிறவர்கள் மாங்குளத்தை யன்னலால் பார்த்துக் கடந்துவிடுவார்கள். காத்திருப்பவனுக்குத்தான் அந்தச் சந்தி தன் கதையைச் சொல்லும்.

1990 ஜூலை 11ஆம் திகதி, மாங்குளத்துக்கு வடக்கே கொக்காவிலில் தொலைக்காட்சி அஞ்சல் நிலையத்தைக் காவல் காத்த சிறிய இராணுவ முகாம் வீழ்ந்தது. அதன் பொறுப்பாளர் லெப்டினன்ட் சாலிய அலதெனிய, காயப்பட்ட தன் ஆட்களை விட்டுவிட்டு வெளியேற மறுத்து அங்கேயே மடிந்தார். நாட்டின் அதியுயர் வீர விருதான பரம வீர விபூஷணம் பின்னர் அவருக்கு வழங்கப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் வடமாகாணத்தின் முஸ்லிம்கள் எழுபதாயிரம் பேருக்கு மேல் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். நவம்பரில் மாங்குளம் முகாம் புலிகளின் கைக்கு வந்தது. 1998 செப்டெம்பரில் இராணுவம் மாங்குளத்தைப் பிடித்தது, 1999 நவம்பரில் புலிகள் மீட்டார்கள், 2008 நவம்பரில் மீண்டும் இராணுவம். ஒவ்வொரு கைமாற்றத்திலும் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் என்று எண்ணிப் பாருங்கள். கொக்காவிலில் இன்று அலதெனியவின் நினைவுச்சின்னமும், 2011இல் திறக்கப்பட்ட 174 மீற்றர் உயரக் கோபுரமும் நிற்கின்றன. மாங்குளத்துக்கு மேற்கே வன்னிவிளாங்குளத்தில் மறுதரப்பின் துயிலும் இல்லம் இருந்தது. போர் முடிந்தபின் துயிலும் இல்லங்கள் இடித்துத் தள்ளப்பட்டன. கோப்பாயில் அந்த நிலத்தின் மேலேயே 2011இல் படைத் தலைமையகம் திறக்கப்பட்டது.

ஒரு ஜூலை மாதம் வவுனியாவில் பஸ் ஏறினேன். நம் நாட்டுப் பஸ்களில் முன் ஆசனம் மதகுருமாருக்கு என்று எழுதியிருக்கும். நடத்துனர் என் தொப்பியையும் தாடியையும் பார்த்து அங்கே இருத்திவிட்டார். புளியங்குளம் தாண்டுமுன் ஒருவர் ஏறினார். ஐம்பது வயதிருக்கும். ஒரு கால் செயற்கைக் கால் என்பது நடையில் தெரிந்தது. கூடவே மனைவி. எழுந்து இடம் கொடுத்தேன். "வேண்டாம் மௌலவிதுமா, அது உங்களுடைய ஸீட்" என்றார் சிங்களத்தில். எனக்கு இரண்டு காலும் இருக்கிறதே என்றேன். சிரித்துவிட்டு உட்கார்ந்தார். கொக்காவிலுக்குப் போகிறார்களாம், கூட்டாளிகள் சிலரின் நினைவுக்காக.

பேச்சு வளர்ந்தது. படைவீரர் குடும்பங்களுக்காக 1999ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தால் ரணவிரு சேவா அதிகாரசபை அமைந்ததையும், தமக்குச் சலுகை அட்டை கிடைத்திருப்பதையும் அவர் சொன்னார். அட்டையால் பிரயோசனம் உண்டா என்று கேட்டேன். "உண்டு. ஆனால் சில இடங்களில் நீட்டினால் முன்பக்கம் பார்ப்பார்கள், பின்பக்கம் பார்ப்பார்கள், பிறகு என் காலைப் பார்ப்பார்கள். அதற்குப் பயந்தே இவள் முழுக்காசையும் கொடுத்துவிடுவாள்" என்றார். மனைவி யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எங்களுக்குப் பின்னால் நின்றிருந்த ஒரு தாய், தமிழ்ப் பெண், என்னோடு மாங்குளத்தில் இறங்கினார். சந்தியில் அவரும் பஸ்ஸுக்கு நின்றார். சிங்களம் கொஞ்சம் விளங்கும் போலும். "தம்பி, அந்தாளுக்கு என்ன காட் குடுத்திருக்கினம்?" என்று கேட்டார். சொன்னேன். சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கும் ஒரு காலம் முன்வரிசைதான். கார்த்திகை 27க்குக் கூட்டிக்கொண்டுபோய் முன்னுக்கு இருத்துவினம். எங்க போனாலும் மாவீரர் குடும்பம் எண்டு முதலிடம். 2009இல அவனுடைய படத்தைக் கழற்றிப் புதைச்சுப்போட்டு ஓடினனான். சோதனைச்சாவடியில எனக்குப் பிள்ளையே இல்லை எண்டு சொன்னனான் தம்பி" என்றார்.

வாசகரே, அந்தத் தாயின் மகன் சேர்ந்திருந்த இயக்கம்தான் என் தகப்பனாரின் கடையையும் எங்கள் வீட்டையும் பறித்துக்கொண்டு எங்களை லொறியில் ஏற்றியது. அதை நான் மறக்கவில்லை, மறந்ததாகக் காட்டிக்கொள்ளவும் தேவையில்லை. ஆனால் பெற்ற பிள்ளையை இல்லை என்று சொல்லவைத்த அந்தச் சோதனைச்சாவடியும் ஒரு வாசல்தான். கௌரவம் வாசலில் கொடுக்கப்படும்போது, வாசல் யார் கையில் இருக்கிறதோ அவருடைய பிள்ளைதான் வீரன். வாசல் கைமாறினால் நேற்றைய முன்வரிசை இன்றைய ஆபத்து. மாங்குளம் இதைப் பலமுறை பார்த்த ஊர்.

நாட்டுக்காகக் கால் இழந்தவருக்குச் சலுகை கொடுக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கொடுக்கத்தான் வேண்டும்; அட்டையைப் புரட்டிப் பார்க்காமல் கொடுக்க வேண்டும். என் மனம் ஒப்பாதது வேறு. காணாமற்போனோரின் தாய்மார் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் வீதியோரத்தில் அமர்ந்தார்கள். காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கான சட்டம் அதற்கு முந்திய ஆண்டே நிறைவேறியிருந்தது. அவர்களில் எத்தனையோ பேர் பதில் தெரியாமலே மௌத்தாகிவிட்டார்கள். பூங்கா வாசலில் காட்டுவதற்கு அவர்களிடம் இருந்ததெல்லாம் பிள்ளையின் புகைப்படம்.

நம்முடைய மார்க்கத்தில் இதற்கு முன்மாதிரி உண்டா என்று என் மாணவர்கள் கேட்டிருக்கிறார்கள். ஹிஜ்ரி 8இல் முஃதா களத்தில் ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்கள் ஷஹீதான செய்தி மதீனாவுக்கு எட்டியபோது நபி (ஸல்) அவர்கள் செய்யச் சொன்ன முதற்காரியம், அந்த வீட்டாருக்கு உணவு சமைத்துக் கொடுப்பது. துக்கத்தில் அவர்களால் அடுப்பு மூட்ட முடியாது என்பதற்காக. மையித்து வீட்டுக்கு அயலவர் சோறு கொண்டுபோகும் நம் வழக்கம் அதில் இருந்து வந்தது. வன்னித் தமிழ்ச் சனங்களிடமும் செத்தவீட்டில் அடுப்பெரிக்காமல் அயலார் சமைத்துக் கொடுக்கும் பழக்கம் இருக்கிறது. யாரும் யாரிடமும் அட்டை கேட்பதில்லை.

அரசாங்கம் என்ற முறையில் இதைச் செய்தவர் கலீபா உமர் (ரலி). அவர்கள் காலத்தில் ஏற்படுத்தப்பட்ட திவான் என்னும் பதிவேட்டில், பத்ர் போரில் கலந்துகொண்டவர்களுக்கு ஆண்டுக்கு 5,000 திர்ஹம், பிறகு வந்தவர்களுக்கு அவரவர் சேவைக்கேற்பக் குறைவாக என்று படித்தரம் இருந்தது. அவர்களுக்கு முன் அபூபக்ர் (ரலி) அவர்கள் எல்லோருக்கும் சமமாகவே பங்கிட்டார்கள். இரண்டு பெரியார்கள், இரண்டு அபிப்பிராயம். ஆகவே இது இன்று நேற்று எழுந்த பிரச்சினையல்ல.

சென்ற தவணையில் இந்தப் பாடத்தை நடத்திக்கொண்டிருக்கும்போது பின்வரிசையில் இருந்து ஒரு மாணவி எழுந்தாள். மீள்குடியேறிய குடும்பத்துப் பிள்ளை; வாப்பா கூலிவேலை. "சேர், போருக்கே போகாத ஆக்களின்ட பிள்ளைகளுக்கு அந்தக் கொப்பியில பெயர் இருந்ததா?" என்று கேட்டாள். பதிவேட்டை அவள் கொப்பி என்றது எனக்குப் பிடித்திருந்தது.

ஓரிரவு மதீனாவுக்கு வெளியே தங்கியிருந்த வணிகக் கூட்டத்துக்குக் காவலாக உமர் (ரலி) அவர்கள் சுற்றிவந்ததையும், ஒரு குழந்தை விடாமல் அழுததையும், பால் மறந்த குழந்தைக்குத்தான் கலீபா மானியம் தருகிறார் என்பதால் அந்தத் தாய் நேரகாலத்துக்கு முன்பே பால் மறக்கடித்துக்கொண்டிருந்ததையும் சொன்னேன். தன்னோடு பேசுபவர் யாரென்று அவளுக்குத் தெரியாது. மறுநாள் ஸுபஹ் தொழுகையில் உமர் (ரலி) அவர்களின் அழுகையால் ஓதுவது மக்களுக்கு விளங்கவில்லை. தொழுகை முடிந்ததும், இனிப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் பிறந்த அன்றிலிருந்தே மானியம் என்று அறிவிக்கச் செய்தார்கள். அந்தக் குழந்தையின் தகப்பன் எந்தப் போருக்குப் போனான் என்று கேட்டதாக நான் எங்கும் படிக்கவில்லை.

மாணவி உட்காரவில்லை. "அப்ப எவ்வளவு சேர் குடுத்த?" என்றாள். 100 திர்ஹம் என்றேன். கொப்பியைத் திறந்து அதை எழுதிக்கொண்டாள்.