அம்மா கோபித்துக்கொள்வாளா?

கயானாவில் மருத்துவம் படிக்கிறேன். சேவையும் பாடத்தில் சேர்த்தி; பெர்பீஸ் கரையோரக் கரும்புக் கிராமங்களுக்குப் போய் சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்ப்போம். 1838 முதல் 1917 வரை இந்தியாவிலிருந்து கப்பலேற்றப்பட்ட கூலிகளின் சந்ததி அங்கே அதிகம். மதராஸில் கப்பலேறியவர்களின் வாரிசுகள் இன்றும் ‘மதராசி’கள்தான். பேச்சில் தமிழ் போய்விட்டது. மாரியம்மனும் தப்பும் வேப்பிலையும் போகவில்லை.

ஒரு பாட்டியின் பாதத்தில் நைலான் இழையை அழுத்தினேன். உணர்ச்சியே இல்லை. அடுத்த மாதம் தீமிதிக்கப் போகிறாராம்! சுட்டாலும் தெரியாது, புண் ஆறாது, விரலையே எடுக்க வேண்டிவரலாம் என்றேன்.

“அம்மா பார்த்துக்கொள்வாள்” என்றார், கிரியோல் ஆங்கிலத்தில். (எங்கள் ஊர்ப் பாட்டியும் இதையேதான் சொல்லியிருப்பார்.)

“தீக்குப் பதிலாகக் கரகம் எடுத்தால் கோபித்துக்கொள்வாளா?”

சட்டென்று நிமிர்ந்தார். “கரகம்... உனக்கு அந்தச் சொல் தெரியுமா?”

பூசாரியைக் கேட்டுச் சொல்வதாகப் போனவர், மறுவாரம் புதுச் செருப்போடு வந்தார். கரகம்தானாம்.