வாங்காமலும் உட்காரலாம்! பாண்டி பஜாரில் ஒரு மாலை

"எனக்கு ஒண்ணும் வாங்க வேண்டாம்டி. சும்மா ஒரு தடவை பாண்டி பஜாரைப் பார்த்துட்டு வந்தா போதும்."

அம்மா இப்படிக் கேட்டதும் எனக்குத் தயக்கமாக இருந்தது. அவருக்கு 74 வயது. இரண்டு முழங்காலிலும் வலி. கடைசியாக நாங்கள் சேர்ந்து அங்கே போனது 2012 தீபாவளிக்கு. அப்போது பிளாட்பாரம் முழுக்கக் கடைகள், அதை ஒட்டி வரிசையாக பைக்குகள். நடக்கிறவர்களுக்கு ரோடுதான் கதி. பின்னாலிருந்து வந்த ஆட்டோ ஒன்று அம்மாவின் பையைத் தட்டிக் கிழித்துவிட்டுப் போனது. "இனிமே இந்தப் பக்கமே வரமாட்டேன்" என்று அன்றைக்குச் சொன்னவர், சொன்னபடியே இருந்தார்.

இந்த முறை ஒரு புதன்கிழமை மதியம், குரோம்பேட்டையில் ரயில் ஏறி மாம்பலத்தில் இறங்கினோம். ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் அம்மாவை நடத்திக்கொண்டு போக எனக்குத் தைரியமில்லை. ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் ஸ்டாண்டு வரை 2023 மே மாதம் திறந்த ஆகாய நடைபாதை இருக்கிறதே! 570 மீட்டர் நீளம். மெதுவாக நடந்து, பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஓர் ஆட்டோ பிடித்துப் பனகல் பூங்கா போய்ச் சேர்ந்தோம்.

இறங்கியதும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "இவ்வளவு அகலமா இருந்துச்சா இந்த ரோடு?"

ரோடு அகலமாகவில்லை. வண்டிகளுக்கான பாதை குறுகியிருக்கிறது. நடக்கிறவர்களுக்கான பாதைதான் இரண்டு பக்கமும் அகன்றிருக்கிறது. பழைய மரங்கள் அப்படியே நிற்கின்றன. அவற்றின் நிழலில் உட்கார இருக்கைகள், வண்டி ஏறாமல் தடுக்கும் குட்டைத் தூண்கள். ஓரிடத்தில் பள்ளிச் சீருடையில் இரண்டு பிள்ளைகள் ஐஸ்கிரீம் உருகி வழிய வழியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஏரியில் எழுந்த கடைத்தெரு

அம்மாவை ஓர் இருக்கையில் உட்கார வைத்துவிட்டு, நீங்களும் கொஞ்சம் பழைய கதையைக் கேளுங்கள்.

தி.நகர் தானாக வளர்ந்த ஊர் இல்லை. 1920-களில், நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில், பெரிய ஏரி ஒன்றைத் தூர்த்து, திட்டம் போட்டு உருவாக்கிய குடியிருப்பு. நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயரின் பெயர் ஊருக்கும், இந்தச் சாலைக்கும் வந்தது. அன்றைய சென்னை மாகாணத்தின் முதல்வர் பனகல் அரசரின் பெயர் பூங்காவுக்கு வந்தது. நிலத்தைச் சீராக்கி, தெரு போட்டு, பூங்கா அமைத்தது பொதுப்பணம். அதை நம்பிப் பின்னாலேயே வந்தது வியாபாரிகளின் பணம். நல்லி பட்டுக்கடை 1928-லேயே வந்துவிட்டது. நாயுடு ஹால் தொடங்கியது 1939-ல். நடிகை டி.ஆர்.ராஜகுமாரி இங்கே தன் பெயரிலேயே ஒரு தியேட்டர் கட்டினார். "அங்கே படம் பார்த்துட்டு, வெளியே வந்து வளையல் வாங்கிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம்" என்பார் அம்மா. தியேட்டர் இருந்த இடத்தில் இப்போது வணிக வளாகம்.

'பாண்டி பஜார்' என்ற பெயருக்கு இரண்டு கதைகள் உண்டு. பாண்டிச்சேரி வியாபாரிகள் கடை போட்டதால் வந்த பெயர் என்பது ஒன்று. நீதிக்கட்சியைச் சேர்ந்த டபிள்யூ.பி.ஏ.சௌந்தரபாண்டியனார் பெயரில் அமைந்த அங்காடிதான் சுருங்கிப் 'பாண்டி' ஆனது என்பது இன்னொன்று.

யார் பணம், யார் பயம்?

இப்போது பார்க்கும் மாற்றத்தின் தொடக்கம் 2015. அந்த ஆண்டு ஜூனில் மத்திய அரசு ஸ்மார்ட் சிட்டி திட்டத்தை அறிவித்தது. 2016 ஜனவரியில் வந்த முதல் 20 நகரங்களின் பட்டியலில் சென்னைக்கு இடம் கிடைத்தது. மத்திய அரசின் பங்குக்கு ஈடாக மாநிலமும் பணம் போட வேண்டும் என்பது ஏற்பாடு. சென்னையில் இந்தத் திட்டத்துக்காகத் தேர்ந்தெடுத்த பகுதி தி.நகர். சுமார் 40 கோடி ரூபாய் செலவில் உருவான இந்த நடைபாதை வளாகத்தை 2019 நவம்பரில் அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி திறந்துவைத்தார்.

அதற்கு முன்னால் தற்காலிகத் தடுப்புகள் வைத்துச் சோதனை ஓட்டமும் நடந்தது. வியாபாரிகள் பலருக்குப் பயம். கடை வாசலில் கார் நிறுத்த முடியாவிட்டால் வாடிக்கையாளர் எப்படி வருவார் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. கல்யாணத்துக்குப் பாத்திரம் வாங்குகிறவர் அண்டாவைத் தலையில் தூக்கிக்கொண்டா போவார்? தணிகாசலம் சாலையில் பல அடுக்கு வாகன நிறுத்தம் வந்தது இதற்காகத்தான். 200-க்கும் அதிகமான கார்களும் 500-க்கும் அதிகமான இருசக்கர வாகனங்களும் அதில் நிற்கலாம்.

ஆனால், அன்றைக்கு இருக்கையில் உட்கார்ந்து நான் பார்த்தது வேறு ஒரு கணக்கு. காரில் போகிறவர் கண்ணுக்குக் கடையின் பெயர்ப் பலகை மட்டும்தான் தெரியும். நடந்து போகிறவர் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கும் சுடிதாரின் விலைச் சீட்டையும் படிக்கிறார், நிற்கிறார், உள்ளே போகிறார். நாங்கள் இருந்த 40 நிமிடத்தில், எதிர்க்கடைக்குள் நுழைந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பாதையில் சும்மா நடந்து வந்தவர்கள்தான்.

அரசு போட்ட கல்லுக்கு மேல் தனியார் போட்ட பணமும் தெரிகிறது. புதிதாக இழைத்த முகப்புகள், காபிக் கடைகள், சக்கர நாற்காலி ஏற வசதியாகப் படிக்குப் பதில் சரிவுப் பாதை வைத்த ஒரு துணிக்கடை.

"வந்ததிலிருந்து உட்கார்ந்தே இருக்கோமே, யாரும் எழுந்திருன்னு சொல்லலையே" என்றார் அம்மா, ஆச்சரியமாக. கடைத்தெருவில் காசு கொடுக்காமல் உட்கார இடம் கிடைத்தது அவர் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவையாம்.

கிளிப் கடைக்காரர் எங்கே?

கொஞ்ச நேரத்தில் அம்மாவின் கண்கள் எதையோ தேட ஆரம்பித்தன. "இங்கேதான் ஒருத்தர் கிளிப், சாந்துப் பொட்டெல்லாம் விற்பாரே..."

பாண்டி பஜாரின் பாதி உயிர் பிளாட்பாரக் கடைகள்தான். நீதிமன்ற வழக்குகளுக்குப் பிறகு, 2013-ல் 600-க்கும் மேற்பட்ட நடைபாதை வியாபாரிகளை இதே சாலையில் கட்டிய மாடிக் கட்டடத்துக்கு மாற்றினார்கள். மழை, வெயில் இல்லாத கூரை, பூட்டி வைக்க ஒரு கடை என்று பார்த்தால் நல்லதுதான். தெருவோர வியாபாரிகளின் உரிமைக்கான மத்திய சட்டம் அதற்கு அடுத்த ஆண்டு, 2014-ல்தான் வந்தது.

உள்ளே போனோம். அந்தப் பழைய ஆள் இல்லை. வேறொருவர் கூப்பிட்டார்.

"வாங்கம்மா, என்ன பார்க்கறீங்க?"

"இந்தக் கிளிப் எவ்வளவுப்பா?"

"ஜோடி அறுபதும்மா."

"நாப்பதுக்குக் குடுப்பா. ரொம்ப நாள் கழிச்சு வந்திருக்கேன்."

அவர் சிரித்துவிட்டார். ஐம்பதுக்கு முடிந்தது. கட்டிக் கொடுத்துக்கொண்டே சொன்னார்: "ரோட்டுல இருந்தப்போ போற வர்றவங்க கண்ணுல படும்மா. பஸ்ஸுக்கு நிக்கறவங்ககூட வாங்குவாங்க. இப்போ, வேணும்னு தேடி வர்றவங்கதான் வர்றாங்க. மாடியில இருக்கறவங்களுக்கு அதுவும் குறைச்சல்."

எனக்குச் சுருக்கென்றது. வெளியே பெரிய கடைக்கு லாபம் தரும் அதே கணக்கு, இவருக்கு நேர் எதிராக வேலை செய்கிறது. நடக்கிறவர் கண்ணில் பட்டால்தான் வியாபாரம். பாதை அகலமானபோது நடப்பவர்கள் அங்கே போய்விட்டார்கள், இவர் உள்ளே இருக்கிறார். பல கோடி செலவழித்து ஒரு தெருவைச் சீர்செய்யும்போது, ஐம்பது ரூபாய் கிளிப் விற்கிறவருக்கும் அந்தப் பாதையில் அளந்து ஓர் இடம் ஒதுக்கினால் என்ன? நடக்க வழியும் இருக்கும், அவர் பிழைப்பும் நடக்கும். இவ்வளவு அகலத்தில் அதற்கு இடமில்லை என்று சொல்ல முடியாது.

கவனிக்க வேண்டியவை

குறை இல்லாமல் இல்லை. இரண்டு தூண்களுக்கு நடுவே நெளிந்து ஒரு பைக் நடைபாதைமீது ஏறி வந்தது. பின் இருக்கையில் சின்னக் குழந்தை வேறு. பெயர்ந்திருந்த ஒரு கல்லில் அம்மா தடுக்கப் பார்த்தார். கையைப் பிடித்துக்கொண்டேன். திறப்பு விழா ஒரு நாளில் முடிந்துவிடும். பெயர்ந்த கல்லை மறுநாளே பதிக்கிற வேலை முடியவே முடியாது. அதில் கடைக்காரர்களுக்கும் பங்கு உண்டு, பேப்பர் கப்பை இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு எழுந்து போகிற நமக்கும் உண்டு.

நீங்கள் போவதாக இருந்தால் சில குறிப்புகள்:

• வார நாட்களில் மாலை 4 மணிக்குப் போய்விடுங்கள். ஞாயிறும் பண்டிகைக்கு முந்தைய வாரமும் முதியவர்களுக்குச் சிரமம்.

• ரயிலில் வருகிறவர்கள் மாம்பலத்தில் இறங்கி ஆகாய நடைபாதையைப் பயன்படுத்தலாம். காரில் வந்தால் தணிகாசலம் சாலை வாகன நிறுத்தம். மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் பனகல் பூங்காவுக்கும் சுரங்க நிலையம் உண்டு.

• துணிப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

• பெரிய கடைகளில் வாங்கி முடித்ததும், அந்த மாடிக் கட்டடத்தையும் ஒரு சுற்று சுற்றுங்கள். படி ஏற முடிந்தவர்கள் மேல் மாடியிலிருந்து தொடங்குங்கள்.

திரும்பும்போது இருட்டிவிட்டது. விளக்குகள் எரிந்தன. கிளிப்பைத் தவிர அம்மா எதுவும் வாங்கவில்லை. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் பையைத் திறந்து அதை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"தீபாவளிக்கு முன்னாடி இன்னொரு தடவை வரலாமாடி? அந்தத் தம்பிகிட்டயே பேத்திக்கு வளையல் வாங்கணும்."

12 வருடத்துக்கும் மேலாக இந்தப் பக்கமே வராமல் இருந்தவர் கேட்கிறார். வராமல் இருப்பேனா?