செங்கொடிக்காரன்

நாவல் எழுதுகிறவனிடம் எதைப் பற்றி வேண்டுமானாலும் அபிப்பிராயம் கேட்கலாம் என்று ஜனங்கள் எப்படியோ முடிவு செய்துவிட்டார்கள். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்கிறார். ரயிலில் எதிர் ஆசனத்துக்காரர் கேட்கிறார். "டிரைவர் இல்லாத கார் வந்துவிட்டதாமே, ஆகாயத்தில் டாக்ஸி பறக்கப் போகிறதாமே, சர்க்கார் இதையெல்லாம் விடலாமா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" கல்லூரியில் இரண்டு வருஷம் பௌதிகம் படித்ததோடு என் விஞ்ஞானம் நின்றுபோயிற்று. சொந்தமாகக் கார் கிடையாது, ஸ்கூட்டரும் கிடையாது. ஆனால் காலையும் மாலையும் தெருவில் நடக்கிறேன். வண்டிகளைப் பற்றிப் பேச இந்தத் தகுதி போதும் என்பது என் கட்சி.

ஆகாய டாக்ஸியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஜெர்மனியில் அதைச் செய்யப் புறப்பட்ட பெரிய கம்பெனிகள் இரண்டு 2024-ஆம் வருஷத்தில் திவால் மனுக் கொடுத்துவிட்டன. சீனாவில் விமானி இல்லாத சிறு வாகனம் ஒன்றுக்கு 2023-ல் சான்றிதழ் கிடைத்தது. என்றைக்காவது அது நம் மொட்டை மாடிக்கு மேலே பறக்கும்; அப்போது நிமிர்ந்து பார்த்துக்கொள்ளலாம். என் கவலையெல்லாம் தரையில் ஓடும் வண்டிகளைப் பற்றித்தான்.

சர்க்கார் தலையிடக் கூடாது என்று வாதாடுகிறவர்கள் தவறாமல் ஒரு கதை சொல்வார்கள். 1865-ல் இங்கிலாந்து பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. சாலையில் தானாக ஓடும் எந்திர வண்டி, ஊருக்கு வெளியே மணிக்கு 4 மைலுக்கு மேல் போகக் கூடாது; ஊருக்குள் 2 மைல். வண்டிக்குக் குறைந்தது மூன்று ஆட்கள். அவர்களில் ஒருவன் கையில் சிவப்புக் கொடியுடன் 60 கஜம் முன்னால் நடந்து போக வேண்டும். இதைச் சொல்லிவிட்டு, "பார்த்தீர்களா, சர்க்கார் புத்தியை!" என்று சிரிப்பார்கள். நமக்கும் சிரிப்பு வரும். நீராவியால் ஓடும் வண்டிக்கு முன்னால் ஒருவன் கொடி பிடித்துக்கொண்டு நடப்பதைக் கற்பனை செய்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? (செங்கொடி என்றதும் கட்சிக்காரர் யாரோ என்று வாசகர்கள் நினைத்துவிட வேண்டாம். இவன் பாவம், கூலிக்கு நடந்தவன்.)

அந்தச் சட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. கொடிக்காரன் எச்சரிக்க வேண்டியது குதிரையில் வருகிறவர்களையும் குதிரை வண்டி ஓட்டுகிறவர்களையும். குதிரை மிரளக் கூடாதே என்ற கவலை. கால்நடையாகப் போகிறவனுக்கு அந்தக் கொடியின் பலன் இனாமாகக் கிடைத்தது. 1878-ல் கொடி கட்டாயமில்லை என்று ஆயிற்று. ஆள் மட்டும் முன்னால் நடந்தான். 1896-ல் இலேசான வண்டிகளுக்கு அந்த ஆளும் வேண்டாம், மணிக்கு 14 மைல் வரை போகலாம் என்று விட்டுவிட்டார்கள். அந்த நவம்பரில் லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு மோட்டார் ஊர்வலம் நடந்தது. புறப்படுமுன் ஒரு பிரபு சிவப்புக் கொடி ஒன்றைக் கிழித்துக் கொண்டாடினார்.

அதே வருஷம் ஆகஸ்டு 17-ஆம் தேதி, லண்டன் கிரிஸ்டல் பாலஸ் மைதானத்தில், பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்ற நாற்பத்து நாலு வயதுப் பெண்மணி மோட்டார் மோதி இறந்துபோனாள். மகளோடு ஒரு விழாவுக்கு வந்திருந்தாள். ஜனங்களை ஏற்றிக்கொண்டு சுற்றிக் காட்டிய கார் அது. அந்த நாட்டில் மோட்டார் காரால் இறந்த முதல் பாதசாரி அவள்தான். மரண விசாரணையில் விபத்து என்று தீர்ப்பாயிற்று.

கொடியைக் கிழித்தார்களே, அதற்குப் பதிலாக என்ன வைத்தார்கள்? 1903-ல் நம்பர் பலகை வந்தது, லைசென்ஸும் வந்தது. ஆனால் லைசென்ஸ் வாங்க ஓட்டத் தெரிய வேண்டியதில்லை, பணம் கட்டினால் போதும்! ஓட்டிக் காட்டினால்தான் லைசென்ஸ் என்ற விதி கட்டாயமாக 1935 ஆயிற்று. 1934-ல் மட்டும் அங்கே சாலையில் இறந்தவர்கள் 7,343 பேர். ஏறக்குறையப் பாதிப் பேர் நடந்து போனவர்கள். 1865-ன் சட்டத்துக்குச் சிரிக்கிறவர்கள் இந்த இடைக்காலத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2016 டிசம்பரில் ஊபர் கம்பெனி தானே ஓடும் கார்களைத் தக்க அனுமதி வாங்காமல் கலிபோர்னியாவில் ஓட்டிப் பார்த்தது. அந்த ராஜ்யத்தார் பதினாறு கார்களின் பதிவை ரத்துச் செய்தார்கள். பக்கத்து அரிஸோனாவின் கவர்னர் "இங்கே வாருங்கள்" என்று கூப்பிட்டார். கார்கள் போயின. 2018 மார்ச் 18-ஆம் தேதி இரவு டெம்பி என்ற ஊரில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண் மீது அவற்றில் ஒன்று மோதியது. அவள் இறந்தாள்.

காருக்குக் கண் தெரியாமல் இல்லை. மோதுவதற்கு 5.6 வினாடி முன்பே அவளைக் கண்டுவிட்டது. வண்டி என்று நினைத்தது. பிறகு 'மற்றவை' என்று நினைத்தது. பிறகு சைக்கிள் என்று நினைத்தது. மனுஷி என்று மட்டும் நினைக்கவில்லை. ஏனென்றால், பாதசாரிகளுக்கென்று குறித்த இடத்தை விட்டு வேறிடத்தில் மனிதர் சாலையைக் கடப்பார்கள் என்பதை அதைச் செய்தவர்கள் அதற்குச் சொல்லிக் கொடுக்கவே இல்லை. அமெரிக்க விசாரணைக் குழுவே இப்படிச் சொல்லியிருக்கிறது. அதைப் படித்தபோது எனக்கு அண்ணா சாலையின் ஞாபகம் வந்தது. கோடு போட்ட இடத்தில் மட்டும் மனிதன் கடப்பான் என்று நம்புகிற யந்திரம் இங்கே வந்தால், நாம் அத்தனை பேரும் 'மற்றவை'தான்!

அப்புறம் என்ன நடந்தது? கம்பெனி மீது குற்ற வழக்கு இல்லை என்று 2019-ல் முடிவாயிற்று. காரைக் கவனிக்க உள்ளே உட்கார்ந்திருந்த பெண் கைப்பேசியில் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தாள் என்று வழக்கு. 2023-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டாள். மூன்று வருஷம் கண்காணிப்புத் தண்டனை. அவள் செய்தது தப்புத்தான். ஆனால் காரே ஓடும் என்று சொல்லி அவளை உட்கார வைத்தவர்கள், ஓடாமல் போனதும் அவளைத்தான் பிடித்துக் கொடுத்தார்கள்.

இதனால் யந்திரமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 2022-ல் நம் நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்கள் மீது மோதிய வண்டிகளை மனிதர்கள்தான் ஓட்டினார்கள். யந்திரம் குடிப்பதில்லை, தூங்குவதில்லை, மைத்துனனோடு செல்போனில் சண்டை போடுவதில்லை. நன்றாகக் கற்றுக்கொண்டு வரட்டும். யார் உயிரை வைத்துக் கற்றுக்கொள்கிறது என்பதுதான் என் கேள்வி.

சர்க்காரின் எல்லாத் தலையீடும் நல்லது என்றும் நான் சொல்லமாட்டேன். நம் கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு 1952-ல் இரண்டு பேர் உட்காரும் சிறு கார் ஒன்று செய்தார். இரண்டாயிரம் ரூபாய்க்குக் கொடுக்கலாம் என்றார். தயாரிக்க லைசென்ஸ் கிடைக்கவில்லை. அந்தத் தடையால் தெருவில் நடந்த ஒருவனுக்காவது நன்மை உண்டா? விதி செய்கிறவர்கள், யாரைக் காப்பாற்ற இந்த விதி என்று முதலில் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். எதிர் வீட்டுப் பாட்டிக்கு எழுபத்தாறு வயது. போன மார்கழியில் விடியற்காலை வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். சாமான் கொண்டுவரும் பையன் ஒருவன் மின்சார ஸ்கூட்டரில் வந்தான். சத்தமே இல்லாத வண்டி. இடித்துவிட்டது. இடுப்பு எலும்பு முறிந்தது. பையன் ஓடிவிடவில்லை, தூக்கி உட்கார வைத்துவிட்டு அழுதான். "ஹாரன் அடிச்சேன் பாட்டி" என்றான். "அடிச்சிருப்பே கண்ணா, காதுல விழல. வண்டி சத்தம் கேட்டா நகர்ந்திருப்பேனே" என்றாள் அவள்.

அந்த வண்டிக்கு நம்பர் இல்லை. மோட்டார் 250 வாட்டுக்குக் குறைந்து, வேகமும் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் இருந்தால், நம் விதிப்படி அது மோட்டார் வண்டியே அல்ல. பதிவு வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம், கட்டாய இன்ஷூரன்ஸும் வேண்டாம். புதிய வண்டிகள் பெருகட்டும் என்ற நல்லெண்ணத்தில் செய்த சலுகைதான். ஆஸ்பத்திரிச் செலவைப் பாட்டியின் மகன் கடன் வாங்கிக் கட்டினான். வாடகை வண்டியில் நாள் முழுதும் அலைகிற பையனிடம் அவன் என்ன கேட்பான்? சலுகை யாருக்கோ கிடைத்தது. பாரம் பாட்டியின் இடுப்பில் இறங்கியது.

ஐரோப்பாவில் 2021 முதல், புதிதாக விற்கும் மின்சாரக் கார் ஒவ்வொன்றும் மெதுவாகப் போகும்போது தானாகவே சத்தம் எழுப்ப வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். கிழித்துப்போட்ட சிவப்புக் கொடி சத்தமாகத் திரும்பி வந்திருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். இந்தத் தடவை அது குதிரைக்காக அல்ல.

ஆகையால், பந்தியில் இனி யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். வண்டி எத்தனை புதுமையாக வேண்டுமானாலும் வரட்டும். வரும்போது தன் கொடிக்காரனையும் அழைத்துக்கொண்டு வரட்டும்: அது ஒரு சத்தமோ, ஒரு நம்பரோ, ஓர் இன்ஷூரன்ஸ் காகிதமோ. வண்டியில் ஏறுகிறவன் தெரிந்து ஏறுகிறான்; வேண்டாமென்றால் இறங்கிக்கொள்ளலாம். வாசலில் கோலம் போடுகிறவளை யாரும் சம்மதம் கேட்கவில்லை. பாட்டி இப்போது தடியை ஊன்றி நடக்கிறாள். கோலத்தைப் பேத்தி போடுகிறாள், தெருவை இரண்டு பக்கமும் பார்த்துப் பார்த்து.