ஆறு எழுத்துகளும் ஒரு பெயரும்



நமது சிங்கம்புணரியில் பிரயாண ஜெபம் இல்லாத மாதம் அரிது. கயிறு திரிக்கும் வீடுகளிலிருந்தும், வயலை நம்பி வாழும் வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் புறப்படுகிறார்கள். இந்தச் சீமைக்குக் கடல் கடப்பது புதிதல்ல. 1926ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடிய ரஜுலா கப்பலில், நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்களைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

அந்நாளில் கையிலிருந்த சீட்டுதான் பயணத்தின் உரிமை. சீட்டு தொலைந்தால் பயணமே தொலைந்தது போல. இன்று நிலைமை வேறு. 2008ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் தேதியோடு உலக விமானப் போக்குவரத்துச் சங்கம் காகிதச் சீட்டுக்கு விடைகொடுத்துவிட்டது. இப்போது நீங்கள் பத்திரமாக மடித்து வைத்திருக்கும் தாள், எங்கோ ஒரு கணினியில் இருக்கும் பதிவின் நகல் மட்டுமே. அந்தப் பதிவைத் திறக்கும் சாவி, தாளில் அச்சாகியிருக்கும் பி.என்.ஆர். குறியீடு. ரயிலுக்கு அது பத்து இலக்க எண். விமானத்துக்குப் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளும் எண்களும் கலந்த ஆறு குறிகள்.

இதை ஏன் ஒரு போதகர் எழுத வேண்டும் என்று கேட்பீர்கள். சில மாதங்களுக்கு முன் ஒரு தாயார், மகனின் பிரயாணத்துக்காக ஜெபிக்க வேண்டும் என்று என்னை வீட்டுக்கு அழைத்தார். நகையை அடகு வைத்து ஒரு முகவரிடம் பணம் கட்டியிருந்தார்கள். சீட்டு என்று சொல்லி அவர் கொடுத்த தாள் வேதாகமத்துக்குள் இருந்தது. மீதித் தொகையை மறுநாள் கொடுக்க வேண்டும். நான்காம் நாள் பயணம். ஜெபத்துக்கு முன் அந்த ஆறு குறிகளையும் பையனின் பெயரையும் விமான நிறுவனத்தின் இணையதளத்தில் இட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். தாயாரின் முகம் வாடியது. “நம்பிக் கொடுத்துவிட்டோம் ஐயா. இனிச் சந்தேகப்பட்டால் பாவமில்லையா?” என்றார்.

பார்த்தோம். முன்பதிவு நீக்கப்பட்டுவிட்டது என்று திரை சொன்னது. இடத்தைப் பிடித்து வைத்த முகவர் பணம் கட்டவேயில்லை. கெடு முடிந்ததும் பதிவு தானாக நீங்கிவிட்டது. மீதித் தொகை அந்த வீட்டிலேயே தங்கியது. முன்னே கொடுத்தது இன்னும் திரும்பவில்லை.

அந்தத் தாயாரின் கேள்வி என்னை விட்டு நீங்கவில்லை. சோதித்துப் பார்ப்பது அவிசுவாசமா? அப்போஸ்தலருடைய நடபடிகள் 17ஆம் அதிகாரத்தில் பெரோயா பட்டணத்தாரை நினைத்துக்கொள்ளுங்கள். பிரசங்கித்தவர் பவுல். ஆனாலும் அவர் சொன்னது அப்படித்தானா என்று அவர்கள் நாள்தோறும் வேதத்தை ஆராய்ந்தார்கள். அதற்காக வேதம் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. நற்குணமுள்ளவர்கள் என்று மேன்மைப்படுத்துகிறது. அப்போஸ்தலன் சொன்னதையே ஆராய இடமுண்டு என்றால், முகவர் தந்த தாளை ஆராய்வது எப்படிப் பாவமாகும்? உண்மையானது சோதனைக்கு அஞ்சாது.

எனவே சில காரியங்களை மனதில் கொள்ளுங்கள். முன்பதிவு வேறு, பயணச்சீட்டு வேறு. பணம் கட்டாமலேயே ஆறு குறிகள் கிடைத்துவிடக்கூடும். பெரிய நிறுவனங்களில் பணம் கட்டிய பின்பே பதின்மூன்று இலக்கச் சீட்டு எண் உண்டாகும். அதன் முதல் மூன்று இலக்கங்கள் நிறுவனத்தைக் குறிக்கும். எமிரேட்ஸுக்கு 176, ஸ்ரீலங்கனுக்கு 603. சிக்கன விமானங்கள் பலவற்றில் அந்த எண் இராது. அங்கே பயணம் உறுதி என்றும், பணம் செலுத்தப்பட்டது என்றும் திரை காட்டுகிறதா என்று பாருங்கள். வேலைக்கு அனுப்புகிறவர் அரசிடம் பதிவு பெற்றவரா என்பதையும் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் அறியலாம்.

பெயர் விஷயத்தில் நமக்கென்று ஒரு சிக்கல் உண்டு. தளம் குடும்பப் பெயரைக் கேட்கும். நமக்கோ இருப்பது தகப்பனார் பெயரின் முதலெழுத்து. பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் வெறுமையாயிருந்தால், சீட்டில் சொந்தப் பெயரே இருமுறை வந்திருக்கலாம். ஆகவே “பதிவு கிடைக்கவில்லை” என்று வந்தவுடன் கலங்காதீர்கள். சீட்டில் உள்ளபடியே பெயரை இட்டு மறுபடியும் பாருங்கள். ஆனால் இதை அற்பமாகவும் எண்ணாதீர்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் இருந்தால் ஏற்கப்படும் என்று பிறகு தெளிவுபடுத்தியது.

இன்னொன்று. திறக்கத் தெரிந்த சாவியைக் காக்கவும் தெரிய வேண்டும். ஜெபிக்கச் சொல்லிச் சீட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோம். குறியீடும் பெயரும் ஒரே படத்தில் இருந்தால், பார்க்கிறவர் எவரும் அந்தப் பதிவைத் திறக்கலாம். சில வேளை மாற்றவும் நீக்கவும் கூடும். ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் டோனி அபட் 2020இல் தமது போர்டிங் பாஸின் படத்தை இன்ஸ்டாகிராமில் இட்டார். கணினி அறிந்த ஓர் இளைஞர் அதிலிருந்த குறியீட்டைக் கொண்டு அவருடைய பாஸ்போர்ட் எண்வரை கண்டுபிடித்தார். நல்ல மனதுடையவராகையால் அதிகாரிகளுக்குத் தெரிவித்தார். எல்லாரும் அப்படியிருப்பார்களா? ஜெபிக்கிறவர்களுக்குப் பிள்ளையின் பெயரும் புறப்படும் நாளும் போதும். தேவனுக்கு அதுவும் தேவையில்லை.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டில் யாரேனும் புறப்படவிருந்தால், பணத்தின் கடைசித் தவணையைக் கொடுக்குமுன் தாளைக் கொண்டுவாருங்கள். ஆராதனை முடிந்தபின் நமது வாலிபர்கள் உங்களோடு உட்கார்ந்து பார்த்துத் தருவார்கள். இதில் வெட்கத்துக்கு இடமில்லை. முதலில் சரிபார்ப்போம், பிறகு முழங்காலில் நிற்போம். இரண்டும் ஒரே அன்பின் வேலைதான்.

தூர தேசத்துக்குப் போகிற நம் பிள்ளைகளைக் கர்த்தர் காத்து, சுகமாய்ச் சேர்த்து, சமாதானத்தோடே திரும்பக் கொண்டுவருவாராக. ஆமென்.