ஒரு டி.எம்.சி.ன்னா எத்தினி லாரி தம்பி?

மழை சீஸன் வந்தா போதும், பேப்பர்ல ஒரு சின்னக் கட்டம் தவறாம வந்துடும். பூண்டி 3,231, சோழவரம் 1,081, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645... முழுக் கொள்ளளவு இது, இன்றைய இருப்பு இது என்று வரிசையாக நம்பர்கள். எல்லாமே மில்லியன் கனஅடி. அடுத்த பக்கத்தைப் புரட்டினால் குடிநீர் வாரியச் செய்தி. அங்கே, 'தினமும் இத்தனை மில்லியன் லிட்டர் சப்ளை' என்று இருக்கும். ஏரியில் கிடக்கும்போது கனஅடி, குழாய்க்கு வந்ததும் லிட்டர். ஆனா ரெண்டும் ஒரே தண்ணிதாங்க!

ஸ்கூலில் யூனிட் கன்வர்ஷன் படிச்சிருப்போம். எக்ஸாம் முடிஞ்ச கையோட மறந்தும் இருப்போம். போகட்டும். ஆனால் திருவள்ளூர் மாவட்டத்துப் பசங்க ஒண்ணே ஒண்ணை மட்டும் மறக்கக் கூடாது என்பது என் கட்சி. ஒரு கனஅடி என்பது 28.3 லிட்டர். அவ்வளவுதான்.

ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரத்தில் ஒரு பெட்டி. அதுல தண்ணி ரொப்பினா, வீட்டுக்கு வர்ற 20 லிட்டர் கேன்ல ஒண்ணு முழுசா நிரம்பும், இன்னொண்ணுல பாதிக்குக் கொஞ்சம் கம்மியா வரும். அப்படிப் பத்து லட்சம் பெட்டிதான் ஒரு மில்லியன் கனஅடி. அதாவது 2.83 கோடி லிட்டர். அதையும் ஆயிரத்தால் பெருக்கினால் நம்ம ஃபேமஸ் டி.எம்.சி. - 2,832 கோடி லிட்டர்!

பூண்டி அணை 1944-ல் வெள்ளைக்காரன் காலத்தில் திறந்தது, அதனால் அடிக் கணக்கு என்று வைத்துக்கொள்ளலாம். மெட்ரிக் முறைக்கு நாம் சட்டம் போட்டது 1956-ல். ஆனால் கிருஷ்ணா தண்ணீருக்காக ஆந்திராவோடு 1983-ல் போட்ட ஒப்பந்தத்திலும் வருஷத்துக்கு 12 டி.எம்.சி. என்றுதான் எழுதினார்கள். இன்றைக்கும் ஊத்துக்கோட்டை பக்கத்து ஜீரோ பாயின்ட்டில் அந்தத் தண்ணீரை விநாடிக்கு இத்தனை கனஅடி என்றுதான் அளக்கிறார்கள். மெட்ரிக் வந்தும் அணைக்கட்டு மட்டும் மாறவே இல்லை!

கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு டீக்கடையில் ஒருமுறை இந்தப் பேச்சு வந்தது. கண்ணன்கோட்டை - தேர்வாய் கண்டிகையில் ரெண்டு ஏரியைச் சேர்த்து, 2020 நவம்பரில் திறந்தாங்களே, அந்த நீர்த்தேக்கம் பற்றி. கொள்ளளவு 500 மில்லியன் கனஅடி, அதாவது அரை டி.எம்.சி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் சட்டென்று கேட்டார். "ஒரு டி.எம்.சி.ன்னா எத்தினி லாரி தம்பி?"

செல்போனை எடுத்துக் கணக்குப் போட்டேன். 12,000 லிட்டர் லாரி என்றால், ஒரு டி.எம்.சி.க்கு 23 லட்சத்து 60 ஆயிரம் லாரி. நம்ம புது ஏரிக்கு அதில் பாதி. "அம்மாடி! பதினோரு லட்சம் லாரிக்கு மேலயா?" என்றார். "சென்னைக்கு ஒரு நாளைக்கு 100 கோடி லிட்டர்னு வெச்சுக்கிட்டா, இது பதினாலு நாளைக்கு வரும் தாத்தா" என்றேன். "அவ்ளோதானா?" என்று டீயைக் கீழே வைத்துவிட்டார்.

அம்மாடியும் சரிதான், அவ்ளோதானாவும் சரிதான். ஒரே தண்ணீரை எந்த அளவில் சொல்கிறோமோ அதைப் பொறுத்து மலையாகவும் தெரியும், மடுவாகவும் தெரியும். அதனால்தான் இந்தக் கணக்கு நம் கையில் இருக்கணும்.

இன்னும் சில சாம்பிள் பாருங்க. மீஞ்சூர் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2010-ல் தொடங்கியது. முழு அளவில் ஓடினால் தினமும் 10 கோடி லிட்டர். வருஷம் பூரா ஓடினால் 1,289 மில்லியன் கனஅடி. முழுசா நிரம்பின சோழவரம் ஏரியை விடவே அதிகம்!

2019 வறட்சியில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது ஞாபகம் இருக்கா? 50 வேகன், ஒரு டிரிப்புக்கு 25 லட்சம் லிட்டர். ஊரே வேடிக்கை பார்த்தது. ஒரு வாய்க்காலில் விநாடிக்கு ஒரே ஒரு கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினாலே 24.5 லட்சம் லிட்டர் வந்துடும். அந்த முழு ரயிலும் அவ்வளவுதான்.

இதையே திருப்பிப் போடுங்க. ஒரு ஊரிலிருந்து தினம் 100 லாரி நிலத்தடி நீரை ஏற்றிக்கொண்டு போனால், கணக்குப்படி அரை கனஅடி ஓட்டம்தான். 'அரை' என்று கேட்டால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. 12 லட்சம் லிட்டர் என்று சொன்னால்தான் உறைக்கும். அளவுக்கு மீறி உறிஞ்சியதால் கடல்நீர் உள்ளே வந்து உப்பான மீஞ்சூர் பக்கத்துக் கிணறுகளைக் கேட்டால் கதை கதையாச் சொல்லும்.

உயிர் சம்பந்தப்பட்ட இடமும் உண்டு. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி திறந்தார்கள். அடையாறு கரையில் இருந்த எத்தனை பேருக்கு அந்த நம்பர் புரிந்திருக்கும்? லிட்டரில் பார்த்தால் விநாடிக்கு 8.2 லட்சம். கண்ணை மூடித் திறப்பதற்குள் 68 லாரித் தண்ணீர்! பூண்டி திறக்கும்போதும் கொசஸ்தலை ஆற்றங்கரை கிராமங்களுக்கு இதே கனஅடிக் கணக்கில்தான் எச்சரிக்கை வருகிறது. அந்த கிராமங்களில்தானே நம்ம கிளாஸ்மேட்ஸ் இருக்காங்க?

சிப்காட் கம்பெனிகளுக்கு இன்பிளான்ட் டிரெயினிங் போகும் ஃப்ரெண்ட்ஸுக்குத் தனியா ஒரு டிப்ஸ். இம்போர்ட் பண்ணின பம்ப்புல 'கேலன்' என்று போட்டிருந்தால், எந்த ஊர் கேலன் என்று முதலில் கேளுங்க. அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர். 1,000 கேலன் டேங்க்கில் 761 லிட்டர் வித்தியாசம். 38 கேன் தண்ணி பாஸ்!

அடுத்த முறை 'ஏரியில் இவ்வளவு இருப்பு' என்று செய்தி வந்தால், மில்லியன் கனஅடியை 28.3-ஆல் பெருக்குங்க. மில்லியன் லிட்டர் கிடைக்கும். தினசரி சப்ளையால் வகுத்தால் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று தெரிஞ்சுடும். பூண்டி நிரம்பி வழிந்தாலும் சென்னைக்கு 91 நாள்தான், அதுவும் வெயில் ஒரு சொட்டுகூடக் குடிக்காமல் இருந்தால். போட்டுப் பாருங்க. வீட்டுல அம்மா கிட்டயும், ஊர்ல தாத்தா கிட்டயும் லாரிக் கணக்குல சொல்லுங்க. டக்குனு புரிஞ்சுக்குவாங்க!